'சோப்' முதல் எபிசோடைப் பிரித்துப் பார்த்துப் பகடி எழுதக் கற்றுக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

நகைச்சுவைத் தொடர் எழுதப் பழகுகிறவர்களிடம் சீரியல்களைப் பகடி செய்து ஒரு காட்சி எழுதுங்கள் என்றால், பத்தில் எட்டுப் பேர் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். கண்ணை உருட்டும் மாமியார், மும்முறை திரும்பும் முகம், இடி, மின்னல். படிக்கும்போது புன்னகை வரும். இரண்டாவது பக்கத்தில் நின்றுவிடும். முகத்தையும் இடியையும் கேலி செய்தாகிவிட்டது, சொல்வதற்குக் கதை இல்லை.

இதற்கு நல்ல மருந்து, 1977-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'சோப்' தொடரின் முதல் எபிசோடைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் படிப்பது. பகல் நேர சோப் ஓபராக்களை, அதாவது அமெரிக்கச் சீரியல்களை, பகடி செய்த சிட்காம் (அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்) அது. எந்த வரிசையில் பிரிக்க வேண்டும், எந்த இடத்தில் ஆட்கள் வழுக்குகிறார்கள் என்பதுதான் இங்கே. தொடரின் பெருமைகளைப் பேசப் போவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: முதல் சீசனின் ரகசியங்கள் சில கீழே உடையும்.

0. தொடங்கும் முன் கையில் என்ன வேண்டும்

முதல் எபிசோட் மட்டும் போதாது, இரண்டாவதும் வேண்டும். இரண்டாவது எபிசோடின் தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கம்தான் முதல் எபிசோடை அதை எழுதியவர்களே எப்படிப் பார்த்தார்கள் என்று காட்டும். அது இல்லாமல் ஐந்தாவது படியைச் செய்ய முடியாது.

நீங்கள் வைத்திருக்கும் பிரதி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். அந்தக் கால அமெரிக்க அரை மணி நேர சிட்காம் விளம்பரம் போக 25 நிமிடத்தை ஒட்டி இருக்கும். 21, 22 நிமிடத்தில் முடிகிறது என்றால் மறு ஒளிபரப்புக்காக வெட்டிய பிரதியாக இருக்கலாம். இப்படி வெட்டும்போது முன்கதைச் சுருக்கம் மாதிரியான பகுதிகளில்தான் முதலில் கை வைப்பார்கள். நமக்குத் தேவைப்படுவதே அதுதான்.

மூன்றாவது, அசல் அமெரிக்க சோப் ஓபரா ஒன்றின் ஒரு எபிசோடையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். 1963-இல் தொடங்கிய 'ஜெனரல் ஹாஸ்பிடல்', 1970-இல் தொடங்கிய 'ஆல் மை சில்ட்ரன்' இரண்டும் அதே ஏபிசியில் ஓடியவை. பழைய எபிசோட் எது கிடைத்தாலும் சரி. நம் ஆட்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, நம்மூர் மெகா சீரியல் ஞாபகத்தோடு 'சோப்' பார்க்க உட்காருகிறார்கள். மும்முறை ஜூம் எங்கே என்று தேடுகிறார்கள். அது அங்கே இல்லை. அமெரிக்கப் பகல் தொடரின் பழக்கங்கள் வேறு: இரண்டு பேர் ஒரு அறையில் நின்று மெல்லப் பேசுவார்கள்; ஒருவர் அதிர்ச்சியான ஒன்றைச் சொல்வார்; கேட்டவரின் முகத்தில் கேமரா சில நொடி அப்படியே நிற்கும்; பின்னணி இசை ஏறும்; விளம்பரம் வரும். எதைப் பகடி செய்கிறார்கள் என்று தெரியாமல் பகடியைப் படிக்க முடியாது.

நோட்டு, பேனா போதும். கணினியில் அட்டவணை போடலாம். ஆனால் முதல் மூன்று படிகளையாவது கையால் எழுதுங்கள். கையால் எழுதும்போது நீட்டி எழுதச் சோம்பல் வரும், கதைக்கு வேண்டியது மட்டும் காகிதத்துக்கு வரும்.

1. முதல் முறை: நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் பாருங்கள்

ஒரே மூச்சில் பாருங்கள். பாஸ் பட்டனைத் தொடாதீர்கள். விக்கிபீடியாவையும் திறக்காதீர்கள்.

காரணம் உண்டு. முதல் எபிசோடின் முதல் வேலை, முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தை 25 நிமிடத்தில் நமக்குப் பழக்கிவிடுவது. அந்த வேலை எவ்வளவு நன்றாக நடந்திருக்கிறது என்பதை அளக்க உங்களிடம் ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது: எதுவும் தெரியாத உங்கள் மனம். அதை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும்.

பார்த்து முடித்ததும் ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடுத்த படிக்குப் போங்கள்.

2. ஞாபகத்திலிருந்து குடும்ப வரைபடம் போடுங்கள், அப்புறம் திருத்துங்கள்

வெள்ளைத் தாளில் ஞாபகத்தில் இருக்கும் ஆட்களை மட்டும் எழுதுங்கள். பெயர் வரவில்லை என்றால் 'முறைக்கிற பட்லர்', 'இராணுவ உடுப்புத் தாத்தா' என்று எழுதினாலும் சரி. பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

கதை நடக்கும் இடம் கனெக்டிகட் மாநிலத்தில் டன்ஸ் ரிவர் என்ற கற்பனை ஊர். இரண்டு சகோதரிகள். பணக்கார வீட்டில் ஜெசிகா டேட் (கேத்தரின் ஹெல்மண்ட்), அவள் கணவன் செஸ்டர் (ராபர்ட் மேண்டன்), பிள்ளைகள் கோரின், யூனிஸ், பில்லி. இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை என்று நம்பும் ஜெசிகாவின் அப்பா, மேஜர். வீட்டு பட்லர் பென்சன் (ராபர்ட் கியோம்).

நடுத்தர வீட்டில் மேரி காம்ப்பெல் (கேத்ரின் டேமன்), அவளுடைய இரண்டாவது கணவன் பர்ட் (ரிச்சர்ட் மல்லிகன்), முதல் கணவனுக்குப் பிறந்த மகன்கள் டேனி (டெட் வாஸ்), ஜோடி (பில்லி கிரிஸ்டல்). பர்ட்டுக்கு முதல் தாரத்துப் பிள்ளைகளும் உண்டு: டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் பீட்டர், கையில் பொம்மையை வைத்துக்கொண்டு அதன் வாயால் பேசும் சக்.

உங்கள் தாளில் யார் விட்டுப்போனார்கள் என்று பாருங்கள். அதைவிட, யார் விட்டுப்போகவில்லை, ஏன் என்று பாருங்கள். அநேகமாக எல்லோருக்கும் பென்சன் ஞாபகத்தில் இருப்பார். அவர் கதையை நகர்த்தும் ஆளே இல்லை. ஆனால் எல்லோரும் நடிக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் நினைத்ததைச் சொல்கிறார். அது மனதில் ஒட்டிக்கொள்கிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இணையத்திலிருந்து முழு வரைபடத்தை எடுத்து ஒட்டிக்கொள்வது. அப்படி எடுத்தால் நான்கு சீசன்களிலும் பிறகு தெரியவரும் உறவுகள் எல்லாம் கலந்துவிடும். முதல் எபிசோட் எதைச் சொல்கிறது, எதை ஒளித்து வைக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். உங்கள் வரைபடத்தில் முதல் எபிசோடில் வந்தவற்றை நீல மையிலும், மற்ற இடங்களிலிருந்து தெரிந்துகொண்டவற்றைச் சிவப்பு மையிலும் எழுதுங்கள். இந்த வழிகாட்டியும் உதாரணத்துக்காக அடுத்த எபிசோட்களுக்குள் எட்டிப் பார்க்கும். அதெல்லாம் சிவப்பு.

3. சிரிப்பை எடுத்துவிட்டுக் கதையை எழுதுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் இதைத்தான் ஆட்கள் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். தாண்டினால் மீதி எதற்கும் உபயோகம் இல்லை.

இரண்டாவது முறை பாருங்கள். இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு கதைச் சரடையும் இரண்டே வரியில், ஒரு ஜோக்கும் இல்லாமல், மிகவும் சோகமான தொடரின் கதைச் சுருக்கம் போல எழுதுங்கள். உதாரணத்துக்கு, முதல் சீசனின் தொடக்கத்தில் விரியும் சரடுகள் சில:

'கணவன் தொடர்ந்து துரோகம் செய்கிறான். மனைவி அதை நம்ப மறுக்கிறாள்.'

'தாயும் மகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே இளைஞனுடன் பழகுகிறார்கள்.'

'மகன் ஒரு குற்றக் கும்பலில் சிக்கியிருக்கிறான். தன் தந்தையைக் கொன்றவனைக் கொல்லும்படி அவனுக்குக் கட்டளை வருகிறது. கொன்றவன் அவனுடைய மாற்றாந்தந்தை.'

'மறுமணம் செய்துகொண்டவன் படுக்கையில் மனைவியை நெருங்க முடியாமல் தவிக்கிறான். அவளுடைய முதல் கணவனின் மரணத்துக்குத் தானே காரணம் என்ற குற்ற உணர்ச்சி அவனை அரிக்கிறது.'

படித்துப் பாருங்கள். இதில் எதுவுமே சிரிப்புக் கதை இல்லை. கடைசி இரண்டும் ஏறக்குறைய கிரேக்கத் துன்பியல். எந்தப் பகல் நேரத் தொடரும் கண்ணீரோடு வாங்கிக்கொள்ளும். 'சோப்' எழுதிய சூசன் ஹாரிஸ் போட்ட அடித்தளமே இதுதான். எலும்புக்கூடு அசல் சோப் ஓபரா. கேலி அதன் மேல் போட்ட சட்டை மட்டும்.

தவறு எங்கே வருகிறது? 'செஸ்டர் ஒரு லூசு, அவன் மனைவி அதைவிட லூசு' என்று எழுதுகிறார்கள். இது கதை இல்லை, அபிப்பிராயம். உங்கள் வரியில் ஒரு பாத்திரத்துக்கு இழக்க ஏதாவது இருக்கிறதா என்று சோதியுங்கள். குடும்பம், மானம், உயிர், ஏதோ ஒன்று. இல்லையென்றால் திரும்ப எழுதுங்கள்.

4. ரகசியக் கணக்கு எழுதுங்கள்

சோப் ஓபரா ஓடுவது ரகசியத்தில். அதன் பகடியும் அதே எரிபொருளில்தான் ஓட வேண்டும். அதனால் இந்த அட்டவணை கட்டாயம்.

இடது பக்கம் ரகசியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: செஸ்டரின் தொடர்புகள், ஜெசிகாவின் தொடர்பு, கோரினின் தொடர்பு, டேனியின் கும்பல், யூனிஸ் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு பழகுவது, பர்ட்டின் பழைய குற்றம். மேலே வரிசையாகப் பாத்திரங்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கில் ஒன்றை எழுதுங்கள்: தெரியும், தெரியாது, சந்தேகம், தெரிந்தும் தெரியாத மாதிரி.

நான்காவதுதான் முக்கியம். புதிதாகச் செய்கிறவர்கள் தெரியும், தெரியாது என்ற இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜெசிகாவை 'தெரியாது' என்று போட்டுவிட்டால் அவள் வெறும் அப்பாவி. அவளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நீங்கள் கொஞ்ச நேரம் திணற வேண்டும். அந்தத் திணறலில்தான் ஹெல்மண்டின் நடிப்பு உங்களுக்குப் புரியும். அவள் வெகுளியா, இல்லை வெகுளியாக இருந்தால்தான் இந்த வீட்டில் காலம் தள்ள முடியும் என்று முடிவெடுத்தவளா? நான் இரண்டாவது பக்கம். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் முடிவு ஒன்றுக்கு வந்தாக வேண்டும்.

அட்டவணையில் கடைசியாக ஒரு ஆளைச் சேருங்கள்: பார்வையாளர். அவருக்கு எது எப்போது தெரிகிறது? அமெரிக்க சோப் ஓபராவில் பார்வையாளருக்குப் பெரும்பாலும் பாத்திரங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். எப்போது வெடிக்கும் என்ற பதற்றத்தில் உட்கார்ந்திருப்பார். 'சோப்' அதே முறையை வைத்துக்கொண்டு பதற்றத்தைச் சிரிப்பாக மாற்றுகிறது. ஒரு வரியில் சாதாரணமாக ஜெசிகா சொல்லும் வாக்கியம், பார்வையாளருக்குத் தெரிந்த ரகசியத்தின் பக்கத்தில் வந்து உரசும்போது சிரிப்பு வெடிக்கிறது. அந்த வரியைத் தனியாக எழுதிப் பாருங்கள், அதில் ஜோக்கே இருக்காது.

5. அறிவிப்பாளரின் குரலை எழுத்துக்கு எழுத்து எழுதி எடுங்கள்

மற்ற வசனங்களைச் சுருக்கமாக எழுதினால் போதும். அறிவிப்பாளர் ராட் ராடி பேசுவதை மட்டும் ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். முதல் எபிசோடின் தொடக்கம், முடிவு, இரண்டாவது எபிசோடின் முன்கதைச் சுருக்கம் என்று மூன்று துண்டுகள்.

அசல் சோப் ஓபராவிலிருந்து நேராக எடுத்த ஒரே வெளிப்படையான கருவி இது. மற்றதெல்லாம் வழக்கமான சிட்காம் உடுப்பில்தான் வருகிறது: அரங்கம் போட்டு, எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்து, வீடியோ டேப்பில் எடுத்தது. இந்தக் குரல் மட்டும்தான் 'நாங்கள் பகடி செய்கிறோம்' என்று சொல்கிறது. அதுவும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தொடக்கத்தைக் கவனியுங்கள். இது இரண்டு சகோதரிகளின் கதை என்று ஆரம்பிக்கிறது. ஜெசிகாவுக்கு வாழ்க்கையைப் பிடிக்கும் என்கிறது. டேட் குடும்பத்தில் பணத்தைவிட ரகசியங்கள் அதிகம் என்கிறது. பிறகு மேரியிடம் வரும்போது அதே அச்சில் இன்னொரு வாக்கியம்: மேரிக்கும் வாழ்க்கையைப் பிடிக்கும், வாழ்க்கைக்குத்தான் அவளை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காம்ப்பெல்களிடம் டேட்கள் அளவுக்குப் பணம் இல்லை, ரகசியங்கள் மட்டும் சமமாக உண்டு.

நான்கே வாக்கியத்தில் இரண்டு வீடு, இரண்டு பெண்கள், வர்க்க வித்தியாசம், கதையின் எரிபொருள் எல்லாம் வந்துவிட்டது. அதே சமயம் இரண்டாவது வீட்டின் வாக்கியங்கள் முதல் வீட்டின் வாக்கியங்களைக் கொஞ்சம் வளைத்துச் சொல்வதால் சிரிப்பும் வருகிறது. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்தச் சொல் மாறியது என்று அடிக்கோடு போடுங்கள். நீங்கள் பிறகு எழுதப் போகும் காட்சிக்கு இந்த அச்சு நேரடியாக உதவும்.

முடிவில் கேள்விகள் வரும். செஸ்டரின் தொடர்பு ஜெசிகாவுக்குத் தெரியவருமா? பென்சனுக்குத் தெரியவருமா? பென்சன் அதைச் சட்டை செய்வாரா? மூன்றாவது கேள்வியில்தான் பகடி இருக்கிறது. முதல் இரண்டும் அசல் சோப் ஓபரா, அப்படியே. மூன்றாவதை ரசிக்க வேண்டுமென்றால் முதல் இரண்டும் நேர்மையாக வந்தாக வேண்டும். கற்றுக்குட்டிகள் மூன்றையும் ஜோக்காக எழுதிவிடுவார்கள். அப்போது எதிலிருந்து விலகுகிறோம் என்பதே தெரியாது.

இரண்டாவது எபிசோடின் சுருக்கத்தில் வேறொரு வேலை நடக்கிறது. நடந்ததை எல்லாம் வேகமாக, கூச்சமே இல்லாமல் அடுக்கி, குழப்பமாக இருக்கிறதா, இந்த வார எபிசோடுக்குப் பிறகு குழப்பம் இருக்காது என்று முடிக்கிறார்கள். உண்மையில் குழப்பம் கூடத்தான் போகிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். அதே நேரம் போன வாரம் பார்க்காதவருக்கு அந்தச் சுருக்கம் நிஜமாகவே உதவுகிறது. கேலியும் செய்கிறது, அசல் வேலையையும் செய்கிறது. இதைப் பெட்டி போட்டுக் குறித்து வையுங்கள்.

குரலின் தொனியையும் எழுதுங்கள். ராடி எங்கேயும் கண்ணடிப்பதில்லை. சிரிப்பை உள்ளே வைத்துக்கொண்டு பேசுகிற குரல் கூட இல்லை. செய்தி வாசிப்பதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

6. காட்சி அட்டவணை: எந்த வீடு, எவ்வளவு நேரம்

இப்போது மூன்றாவது முறை, கடிகாரத்தோடு. ஒவ்வொரு காட்சிக்கும் தொடக்க நேரம், இடம், இருப்பவர்கள், காட்சி முடியும்போது மாறியது என்ன என்று நான்கு பத்தி.

இது வேகமாக முடியும் வேலை. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். ஒன்று, டேட் வீட்டிலிருந்து காம்ப்பெல் வீட்டுக்கு எந்த இடத்தில் தாவுகிறார்கள். ஒரு வீட்டில் ஒன்று பாதி தெரிந்த நிலையில் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது சோப் ஓபராவின் பழைய வழக்கம். வழக்கமான அமெரிக்க சிட்காம் அந்தக் காலத்தில் அப்படிச் செய்யாது. ஒரு சிக்கலை எடுத்து அதே அரை மணியில் முடிச்சை அவிழ்த்துவிடும். இரண்டு, 'மாறியது என்ன' என்ற பத்தி காலியாக இருக்கும் காட்சி ஏதாவது உண்டா. இருந்தால் அந்தக் காட்சி ஏன் இருக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு ஆளை அறிமுகப்படுத்த இருக்கும்.

தொடக்கத்தில் வரும் குடும்பப் புகைப்படக் காட்சிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எல்லோரும் படத்துக்கு ஒழுங்காக நிற்கிறார்கள், சண்டை மூள்கிறது, கலைகிறது. தொடரின் மொத்தக் கதையும் வசனமே இல்லாமல் சில நொடிகளில்.

7. சிரிப்பலை எழும் இடங்களுக்கு அடையாளம் போடுங்கள்

நான்காவது முறை. பார்வையாளர்கள் சிரிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அதற்கு முந்தைய வரி யாருடையது என்று எழுதுங்கள். பிறகு அதை மூன்றில் ஒன்றில் போடுங்கள்.

உண்மையைப் பட்டென்று சொல்வதால் வரும் சிரிப்பு: இது பென்சனின் இடம். கதவு மணி அடிக்கும்போது, திறப்பது தன் வேலையே என்றாலும், 'நான் போய்த் திறக்கணுமா?' என்கிற தோரணையில் கேட்பது இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரும். சோப் ஓபராவில் வேலைக்காரர் கதவைத் திறப்பது அடுத்த அதிர்ச்சியை உள்ளே விடத்தான். அந்த எந்திரத்துக்குள் பென்சன் ஒரு கட்டையைச் செருகுகிறார்.

தப்பான விஷயத்துக்குப் பதில் சொல்வதால் வரும் சிரிப்பு: பேரிடியான செய்தி வருகிறது, கேட்பவர் அதில் மிகச் சின்ன அம்சத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஜெசிகா, மேரி இரண்டு பேருமே இதில் கெட்டிக்காரிகள். தன் உடையை மகன் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கும் தாய், அந்த உடையை எப்படி அணிய வேண்டும் என்பதில் போய் நிற்பாள். அதிர்ச்சி தாமதமாக வரும், அல்லது வராது.

உடம்பால் வரும் சிரிப்பு: பர்ட். மல்லிகனின் கை ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் போகும். இதை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம், அதனால் அடையாளம் மட்டும் போட்டுவிட்டு நகருங்கள். இதைப் பார்த்துவிட்டுத் தன் காட்சியில் 'அவர் விழுந்து புரள்கிறார்' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நடிகர் செய்ததை எழுத்தாளர் திருட முடியாது.

எண்ணி முடித்ததும் ஒன்று தெரியும். பாத்திரங்களில் யாருமே தாங்கள் நகைச்சுவைத் தொடரில் இருப்பதாக நினைப்பதில்லை. யாரும் ஜோக் அடிப்பதற்காகப் பேசவில்லை. பென்சன் கூட ஜோக் அடிக்கவில்லை, எரிச்சலில் பேசுகிறார்.

8. சிரிப்பே வராத இடங்களையும் குறியுங்கள்

அட்டவணையில் 40, 50 நொடி சிரிப்பு இல்லாமல் போகும் பகுதிகள் இருந்தால் அவற்றை வட்டமிடுங்கள். புதியவர்கள் இவற்றை 'இங்கே ஜோக் தோற்றுவிட்டது' என்று குறிக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

முதல் சீசன் முன்னே போகப் போக இது தெளிவாகும். ஜோடி மருத்துவமனையில் தற்கொலைக்கு முயல்வது வரை கதை போகிறது. சிரிக்க வைத்த அதே ஆட்கள்தான் அந்த இடத்திலும் இருக்கிறார்கள். அது பார்வையாளரை வந்து தாக்குவதற்குக் காரணம், மூன்றாவது படியில் எழுதினீர்களே, அந்த எலும்புக்கூடு. பாத்திரங்கள் வெறும் கேலிச்சித்திரமாக இருந்தால் அவர்கள் அழும்போது யாருக்கும் உறைக்காது.

9. அந்தக் காலத்துக்குரியதைத் தனியாகப் பிரித்து வையுங்கள்

1977 செப்டம்பர் 13, செவ்வாய் இரவு 9:30-க்கு முதல் எபிசோட் வந்தபோது, அதற்கு முன்பே மத அமைப்புகளின் எதிர்ப்புக் கடிதங்கள் ஏபிசிக்கு ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தன. ஒளிபரப்பின் முன்னால் பெரியவர்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பு போட்டார்கள். திருமணத்துக்கு வெளியே உறவு, ஆண் ஓரினச் சேர்க்கையாளர் ஒருவர் (ஜோடி) நிரந்தரப் பாத்திரமாக வருவது எல்லாம் இரவு நேர அமெரிக்க நகைச்சுவையில் அன்று பெரிய விஷயம்.

உங்கள் நோட்டில் ஒரு ஓரமாக 'இன்று இப்படி எழுதமாட்டேன்' என்று ஒரு பட்டியல் வையுங்கள். ஜோடி பற்றிய ஆரம்ப ஜோக்குகள் சில அவனோடு சேர்ந்து சிரிப்பவை, சில அவனைப் பார்த்துச் சிரிப்பவை. இரண்டையும் பிரித்துப் பழகுவது நல்ல பயிற்சி. பிரிக்காமல் விட்டால், அன்றைய துணிச்சலையும் அன்றைய மொண்ணைத்தனத்தையும் சேர்த்தே நகல் எடுத்துவிடுவீர்கள்.

10. இப்போது உங்கள் காட்சி: மூன்று பக்கம், மூன்று ஆட்கள், ஒரு ரகசியம்

அளவை மீறாதீர்கள். 'சோப்' ஒரு டஜனுக்கு மேல் ஆட்களோடு இறங்கியது. அதற்கு நான்கு சீசன் கையில் இருந்தது. உங்களிடம் மூன்று பக்கம்தான்.

முதலில் ரகசியம். ஜோக் இல்லாமல் ஒரே வரி. உதாரணத்துக்கு: 'மகன் வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது, அம்மாவிடம் சொல்லவில்லை.' பிறகு ரகசியக் கணக்கு: மனைவிக்குத் தெரியும், வீட்டுச் சமையல்காரம்மாவுக்கும் தெரியும், அவனுடைய அம்மாவான மாமியாருக்கு 'தெரிந்தும் தெரியாத மாதிரி'. அதன் பிறகுதான் வசனம்.

வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படி இருக்கும்:

மருமகள்: அத்தை, அவர் வேலையை விட்டுட்டார்!
மாமியார்: (நெஞ்சைப் பிடித்துக்கொண்டு) ஐயையோ! இந்த இடியை எப்படித் தாங்குவேன்!
(இடி இடிக்கிறது.)

இதில் கேலி செய்யப்படுவது நடிப்பு மட்டும். அடுத்த வரிக்கு வழியே இல்லை. ஏழாவது படியில் பார்த்த 'தப்பான விஷயத்துக்குப் பதில்' முறையை வைத்துத் திருப்பி எழுதினால்:

மருமகள்: அத்தை, அவர் வேலையை விட்டு ஆறு மாசம் ஆகுது.
மாமியார்: அதான் தினமும் இவ்வளவு லேட்டா வர்றானா, பாவம்.
மருமகள்: அத்தை, வேலையே இல்லை.
மாமியார்: வேலை இருக்கறவன் ஆறு மணிக்கு வந்துடலாம்மா. இல்லாதவன் ஒன்பது மணி வரைக்கும் எங்கே போய் உட்காருவான், சொல்லு.
சமையல்காரம்மா: எங்க வீட்டுத் திண்ணையிலதாங்க.

மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவள் மகனைக் காப்பாற்றுகிறாள். இன்னொரு ரகசியமும் வெளியே வந்துவிட்டது, அடுத்த காட்சிக்குச் சரக்கு கிடைத்தது. இடி தேவைப்படவில்லை.

எழுதி முடித்ததும் கடைசியில் அறிவிப்பாளர் கேள்வி மூன்று போடுங்கள். இரண்டு நேர்மையானவை, ஒன்று விலகுவது. விலகும் கேள்வி மூன்றாவதாகவே வரட்டும்.

சோதிக்க ஒரு வழி: காட்சியை இரண்டு நண்பர்களிடம் கொடுத்து, ஒரு சோகமான தொடரின் வசனம் என்று சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள், பகடி என்றும் சொல்லாதீர்கள். சோகமாகவே படித்தும் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தால் காட்சி நிற்கிறது. படிக்கிறவர் குரலை உயர்த்தி, இழுத்து நடித்தால்தான் சிரிப்பு வருகிறது என்றால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள், வசனத்தை ஒட்டுப்போட முயலாதீர்கள். பெரும்பாலும் பழுது ரகசியத்தில்தான் இருக்கும்: அது வெளிப்பட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் வராத ரகசியமாக இருக்கும்.